மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்? கடையநல்லூரிலிருந்து ஒரு சட்ட வரலாறு

கடையநல்லூரில் வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சட்டம் சம்பந்தமாக இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். முதலாவது, "பொண்டாட்டிய அங்க கூப்புட முடியுமா?" இரண்டாவதை யாரும் சத்தமாகக் கேட்க மாட்டார்கள். பேச்சு முடிகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அங்க ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, இங்க வீட்டுக்கு ரூவா வருமா?"

முதல் கேள்வி குடிவரவுச் சட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாவது விபத்து இழப்பீட்டுச் சட்டத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனி அலுவலகம். நானும் ரொம்ப நாளாக இவற்றைத் தனித்தனி நோட்டில்தான் எழுதிவந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கப்பல்துறை அதிகாரியும் சரி, இழப்பீட்டு ஆணையரும் சரி, கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்தப் பெண் அந்த ஆளுடைய மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?

அந்தக் கேள்வி எப்படி வந்தது, எப்படியெல்லாம் மாறியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். இது வரலாற்றுக் குறிப்பு. சொந்த வழக்கு இருப்பவர்கள் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

1880: ஒரே வருஷம், இரண்டு கரை

நம் பக்கத்து நிக்காஹ் எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதான். பெண்ணின் வலி, இரண்டு சாட்சிகள், மஹர், மாப்பிள்ளையின் சம்மதம். பள்ளிவாசல் ஜமாஅத்தின் தப்தரில் பெயர், தகப்பன் பெயர், மஹர் தொகை, ஹிஜ்ரி தேதியோடு ஆங்கிலத் தேதி எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். அந்த தப்தர் ஊருக்கான ஏற்பாடு. அரசாங்கம் கேட்டதால் வந்ததல்ல.

1880-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு காஜிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் அது சென்னை மாகாணத்துக்கு மட்டும்தான். காஜியை அரசு நியமிக்கலாம் என்று சொன்ன அந்தச் சின்னச் சட்டம், 4-வது பிரிவில் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: எந்தக் கல்யாணத்துக்கும் காஜி அங்கே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது, கல்யாணத்தை அரசாங்கப் பேப்பரோடு கட்டிப்போடும் எண்ணம் இங்கே இல்லை.

அதே 1880-ல், கடலுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் முகமதியர் திருமணச் சட்டம் வந்தது. அங்கே காஜிகளை நியமித்து, கல்யாணத்தையும் தலாக்கையும் புத்தகத்தில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார்கள். பல ஊர் ஆட்கள் வந்து இறங்கும் துறைமுகம் அது. யாருக்கு யார் என்ன முறை என்று சொல்ல அங்கே ஊர்ப் பெரியவர்கள் கிடையாது. ஊர் சொல்ல வேண்டியதைப் புத்தகம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு கரையில் ஊரறிந்த கல்யாணமே போதும், மறுகரையில் பதிவேடு. கடையநல்லூர்க்காரர்கள் அடுத்த பல தலைமுறை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய்வந்தார்கள்.

கேள்வி கேட்காத கடல்

கடையநல்லூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் நெசவுக் குடும்பங்கள். ஆலைத்துணி வந்து கைத்தறி நொடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களை உலுக்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேறினார்கள். பினாங்குக்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். சிங்கப்பூரில் அவர்கள் கூடிய இடம் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார். துறைமுக வேலை, சின்ன வியாபாரம், மசாலா வியாபாரம் இவைதான் பிழைப்பு. அந்தப் பக்கம் இன்றும் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த முஸ்லிம்களில் பலரும் ஆண்கள் மட்டும் போய், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்து திரும்பியவர்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். தஞ்சோங் பகாரில் பெண்கள் வீட்டில் மசாலா அரைத்தார்கள். ஆண்கள் அதைச் சந்தையில் விற்றார்கள். அம்மியில்லாமல் அந்தக் குடும்பக் கணக்கு ஓடியிருக்காது. மனைவி அங்கே 'சார்ந்து வாழ்பவர்' அல்ல, சம்பாதிப்பவர். அதிகாரிகளின் படிவத்தில் அவளுக்கு 'மனைவி' என்ற கட்டத்தைத் தவிர வேறு கட்டம் கிடையாது என்பது வேறு விஷயம்.

குடும்பத்தோடு போக எப்படி முடிந்தது? கேட்பார் இல்லை என்பதுதான் காரணம். இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். சிங்கப்பூரும் பிரிட்டிஷ் மண். 1933-ல் அமலான அந்நியர் சட்டம் சீனாவிலிருந்து வரும் ஆண்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது. பெண்களுக்கு 1938 வரை அந்த வரம்பு இல்லாததால் அந்த ஐந்து வருஷத்தில் சீனப் பெண்கள் பெருமளவில் வந்திறங்கினார்கள். இந்தியர்கள் 'அந்நியர்' என்ற சொல்லுக்குள்ளேயே வரவில்லை. டிக்கெட் எடுத்தால் போகலாம். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலில் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். கூட வருவது மனைவிதானா என்று நிரூபிக்க வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு எழவே இல்லை.

குடும்பம் இருந்தால் சங்கம் வரும், பள்ளிக்கூடம் வரும். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. 1946-ல் அதே அமைப்பு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை ஆரம்பித்தது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்த பள்ளி அது. தனி ஆட்களாகப் போயிருந்தால் அந்த ஊரில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

கேப் டவுனில் ஒரு தீர்ப்பு

பிரிட்டிஷ் மண் எல்லாமே இப்படித் திறந்த கதவு என்று நினைத்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். ஹசன் ஈசாப் என்பவர் இந்தியாவில் முஸ்லிம் முறைப்படி கல்யாணம் செய்த பாய் மரியம் என்ற பெண், கணவரோடு வாழ வந்திறங்கினார். அதிகாரிகள் தடுத்தார்கள். நீதிபதி அதிகாரிகள் பக்கம் நின்றார். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த கல்யாணத்தை அந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது என்பதுதான் காரணம். அந்த ஆளுக்கு ஒரே மனைவிதான் என்பது கணக்கில் வரவில்லை. இந்து, முஸ்லிம், பார்சி முறைப்படி கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியில்லாதவர்கள் ஆனார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் நிலையும் கேள்விக்குள்ளானது.

காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியது இதற்குப் பிறகுதான். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டிப் போய்ச் சிறை புகுந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறுவயதிலேயே சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். நாம் வள்ளியம்மையைச் சுதந்திரப் போராட்டக் கணக்கில் வைத்து நினைக்கிறோம்; அது சரிதான். ஆனால் அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் மூன்று பவுண்டு வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்த இன்னொன்று, 'எங்கள் கல்யாணம் கல்யாணம்தான் என்று ஒப்புக்கொள்' என்பது. அது குடிவரவுச் சட்டப் பிரச்சினை. 1914-ல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது. ஒரு மனைவியையும் அவள் பெற்ற சிறுவயதுப் பிள்ளைகளையும் அனுமதிக்க ஒப்புக்கொண்டது.

கடையநல்லூர் நிக்காஹும் பாய் மரியத்தின் நிக்காஹும் ஒரே மாதிரியானவைதான். அவர் போனது தென்னாப்பிரிக்கா, இவர்கள் போனது சிங்கப்பூர். வித்தியாசம் அவ்வளவுதான்.

கூடி வாழ்ந்த வருஷங்களை எண்ணத் தொடங்கியபோது

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்றரை வருஷம் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் இல்லை. ஊரில் இருந்த மனைவிக்கு அங்கே இருந்த கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத காலம். போர் முடிந்து கடல் திறந்தபோது இந்தியா சுதந்திரம் பெறும் தறுவாயில் இருந்தது. கொஞ்ச காலத்தில் பாஸ்போர்ட்டின் நிறம் மாறியது. மலாயாக்காரர்களின் பார்வையில் இந்தியர் வெளியாட்கள் ஆனார்கள்.

1952-ல் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் 1953 ஆகஸ்ட் 1 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அமலுக்கு வந்தது. டிக்கெட் எடுத்தால் போகலாம் என்ற காலம் அதோடு முடிந்தது. தொழில் தகுதி உள்ளவர்கள் வரலாம். ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களின் மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் வரலாம். புதிதாகப் போக நினைத்த சாதாரண ஆளுக்கு மற்றக் கதவுகள் மூடியபோது, 'மனைவி' என்ற கதவு மட்டும் திறந்திருந்தது. அப்போதுதான் ஜமாஅத் தப்தரின் நகலுக்குப் புது மதிப்பு வந்தது. ஊர்க்கணக்குக்காக எழுதிவைத்த புத்தகம் வேறொரு நாட்டு அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்தக் கதவையும் மலாயா 1959-ல் பாதி சாத்தியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் கணவனைப் பிரிந்து வேறு நாட்டில் வாழ்ந்த மனைவி வர முடியாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் வழி அடைபட்டது.

இந்தத் திருத்தத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் கல்யாணம் உண்மையா பொய்யா என்ற கேள்வியே இல்லை. கல்யாணம் உண்மைதான், தப்தர் சரிதான், பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து வருஷம் தனியாக இருந்துவிட்டீர்கள், ஆகவே முடியாது. கணவன் பணம் சேர்த்து, வீடு பார்த்து, பிறகு கூப்பிடலாம் என்று காத்திருந்த பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பே தகுதிக்குறைவாக மாறியது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊரில் தங்கியவள், பிரசவத்துக்கு வந்து தங்கியவள், கப்பல் செலவுக்குக் கையில் இல்லாதவள், எல்லோரும் இதில் அடக்கம். குடும்பத்தோடு முன்பே போனவர்கள் தப்பித்தார்கள். 'பொம்பளைய எதுக்குக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போகணும்' என்று மரியாதை பார்த்து விட்டுவிட்டுப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த பெண்கள், தங்களுக்கே தெரியாமல், பேரப்பிள்ளைகளின் குடியுரிமையையும் சேர்த்தே அரைத்துவைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உயிருக்கும் உறுப்புக்கும் விலை

இப்போது மற்ற நோட்டுக்கு வருகிறேன்.

வேலையில் அடிபட்டாலோ செத்தாலோ முதலாளி பணம் தர வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் பழைய விஷயம் அல்ல. 1855-ல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் வந்தது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் சார்பில் வழக்குப் போடலாம் என்றது. ஆனால் எதிராளியின் தவறை நிரூபித்தாக வேண்டும். கூலிக்காரன் குடும்பம் அதை எங்கே போய் நிரூபிக்க?

1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1-ல் அமலானது. யார் தவறு என்று முதலில் பார்க்காமல், வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்ததா என்று பார்க்கும் சட்டம் இது. உடம்புக்கு அட்டவணை போட்டார்கள். இன்றைய அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஒரு கண் போனால் 40. உயிரிழப்புக்கு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கணக்கில் எடுக்கும் உச்ச சம்பளமான 15,000 ரூபாயை வைத்துப் பார்த்தால், 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கி 15,59,850 ரூபாய். 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்தச் சட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

காயம்பட்டவர் உயிரோடு இருந்தால் அவரே கேட்கலாம். கல்யாணப் பேச்சே வராது. அவர் இறந்துவிட்டால்தான் 'சார்ந்தவர்' யார் என்று பார்க்கிறார்கள். பட்டியலில் முதலில் நிற்பவள் விதவை. அங்கே வந்து நிற்கிறது நம் பழைய கேள்வி.

1923 சட்டத்தின் 8-வது பிரிவில் ஒரு வரி எனக்கு மறக்கவில்லை. உயிரிழப்புக்கான பணத்தை முதலாளி நேரடியாகக் குடும்பத்திடம் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், நூறு ரூபாயைக் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்கி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதே பிரிவு, மொத்தத் தொகையை நேரடியாகக் கொடுக்கக் கூடாதவர்கள் என்று ஒரே மூச்சில் இரண்டு வகையினரைச் சேர்த்துச் சொல்கிறது: பெண்கள், சட்டப்படி தன் காரியத்தைத் தானே பார்க்க இயலாதவர்கள். பாதுகாக்கிறேன் என்ற பெயரில் சட்டம் பெண்ணை எங்கே உட்கார வைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்திய நீதிமன்றம் துறைமுக அதிகாரியைவிடக் காது கொடுத்துக் கேட்டது. பேப்பர் இல்லை என்பதற்காக மட்டும் அது பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. நெடுங்காலம் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்ததைக் கொண்டே முஸ்லிம் கல்யாணம் நடந்ததாக ஊகிக்கலாம் என்று 1844-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. 1872 சாட்சியச் சட்டத்தின் 50-வது பிரிவும் அதே வழிதான். இரண்டு பேர் கணவன் மனைவியா என்ற கேள்வி வந்தால், உறவும் நட்பும் அவர்களை அப்படி ஏற்று நடத்தியதே சாட்சியமாகும். இரண்டாம் கல்யாணக் குற்றவழக்குக்கும் மணமுறிவு வழக்குக்கும் மட்டும் அது போதாது. 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்த பிறகும் இந்த விதி தொடர்கிறது. தென்காசி நீதிமன்றத்தில், "இவங்க அவரு சம்சாரந்தான், எங்க தெருவுலதான் இருந்தாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் கூண்டேறிச் சொன்னால் அதற்கு எடை உண்டு. சிங்கப்பூர் விமான நிலையத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்த முடியாது.

சாலை விபத்து வழக்குகளில் இன்னொரு படி ஏறியது. கணவனை இழந்ததில் பணத்தைத் தவிர இழந்தது என்ன? துணை. அதற்கும் ஒரு தொகை உண்டு. 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 40,000 ரூபாய் என்று நிர்ணயித்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. அடுத்த வருஷமே பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் அந்த இழப்பு உண்டு என்று வேறொரு வழக்கில் விரித்தது. தொகை சின்னது. ஆனால் கூட இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிது.

இன்றைய கணக்கு

இந்த இரண்டு வரலாறும் இன்று ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்திக்கின்றன. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவரிடம் இருப்பது வொர்க் பெர்மிட். அதில் மனைவியைக் குடிவைக்க முடியாது. டிபென்டன்ட் பாஸ் வேண்டுமென்றால் எஸ் பாஸோ அதற்கு மேற்பட்ட எம்ப்ளாய்மென்ட் பாஸோ இருக்க வேண்டும். மாத நிலைச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்காரர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க நினைத்தால் மனிதவள அமைச்சின் முன் அனுமதி தேவை. பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்த நிபந்தனை விடாது.

அதே ஆள் சாரத்திலிருந்து விழுந்தால்? வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் அவருக்கும் பொருந்தும். வீட்டு வேலை செய்பவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. கட்டடத் தொழிலாளியை விடவில்லை. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். முதலாளியின் கவனக்குறைவைக் காட்டித் தனியாக வழக்குப் போடவும் வழி உண்டு. அதற்குப் பொதுவாக மூன்று வருஷம் அவகாசம். ஆனால் இரண்டில் ஒன்றிலிருந்துதான் பணம் வாங்கலாம். இறந்துவிட்டால், 2025 நவம்பர் முதல் நடந்த விபத்துகளுக்கு, வயதையும் சம்பளத்தையும் பொறுத்து 91,000 வெள்ளியிலிருந்து 269,000 வெள்ளி வரை. அந்தப் பணம் போக வேண்டியது சார்ந்தவர்களுக்கு. கடையநல்லூரில் இருக்கும் மனைவி அதில் வருவார்.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கணவன் உயிரோடு இருக்கும்வரை, அந்தப் பெண் மனைவி என்பதால் அந்த நாட்டில் அவளுக்கு எந்த இடமும் இல்லை. அவன் செத்த அன்று அவள் மனைவியாகிறாள். அவளுடைய கல்யாணப் பேப்பரை அந்த நாடு முதன்முதலாகக் கேட்டு வாங்கிப் படிப்பது அன்றைக்குத்தான்.

வளைகுடாவிலும் கதை ரொம்ப மாறவில்லை. அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். வேலை விபத்தில் இறந்தால் 24 மாத அடிப்படைச் சம்பளம். குறைந்தது 18,000 திர்ஹம், 2021 சட்டத்தின் வழி அதிகபட்சம் 200,000. 1880-ல் பதிவேடு, 1913-ல் மதம், 1959-ல் கூடி வாழ்ந்த வருஷம், இன்று சம்பளம். மனைவியை மனைவியாக ஏற்க ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் தஞ்சோங் பகாரில் மசாலா விற்றவருக்குக் கிடைத்த ஒன்று, இன்று அதே தீவில் அடுக்குமாடி கட்டுபவருக்குக் கிடைக்காது.

தப்தரும் சான்றிதழும்

தமிழ்நாட்டில் எல்லா மதத்தினரும் கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2009 நவம்பர் 24-ல் அமலுக்கு வந்தது. கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அது வந்தபோது, ஜமாஅத் தப்தர் இருக்கும்போது இது எதற்கு என்ற பேச்சு முஸ்லிம்கள் நடுவில் எழுந்தது. கேட்டது தப்பில்லை. நிக்காஹ் செல்லுபடியாக அந்தப் பதிவு தேவையில்லை. ஊருக்குள் வாழ்ந்து ஊருக்குள் மடிகிறவருக்குத் தப்தர் போதும்.

கடல் தாண்டுகிறவருக்குப் போதாது. அரசுச் சான்றிதழ் இருந்தால் அதன்மேல் அப்போஸ்டில் முத்திரை வாங்கலாம். இந்தியா 2005-லும் சிங்கப்பூர் 2021-லும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. அமீரகம் அதில் இல்லாததால் தூதரகச் சான்றொப்பம் தனியாக வாங்க வேண்டும். தப்தர் நகலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வரிசையில் நுழைவது கஷ்டம்.

இன்னொரு தொந்தரவு பெயர். தப்தரில் தமிழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. முகம்மது, முஹம்மத், முகமது, எல்லாம் நமக்கு ஒரே ஆள். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மூன்று ஆள். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் எப்படி இருக்கிறது, கணவனின் வேலை ஒப்பந்தத்தில் அவர் பெயர் எப்படி இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்னாலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை. ஒரு சாவுக்குப் பிறகு அதையே சரிசெய்ய வேண்டுமென்றால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், மொழிபெயர்ப்பு, தூதரகம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். அலைபவர் இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணாக இருப்பார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நாட்களிலும் ஒரு வருஷக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய தப்தர்கள் ஊருக்கு ஊர் என்ன நிலையில் இருக்கின்றன என்பது ஜமாஅத்துகளுக்குத்தான் தெரியும். கறையான் தின்றது போக மிஞ்சியதைப் படமெடுத்து வைப்பது பெரிய செலவில்லை. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பெண்ணின் பெயர், ஒரு தேதி, ஒரு மஹர் தொகை. எழுதியவர் ஊருக்காக எழுதினார். ஆனால் எழுபது வருஷத்துக்கு முன் ஒரு கப்பல்துறையில் அது அவளை உள்ளே விட்டிருக்கலாம். நாளை ஓர் இழப்பீட்டு அலுவலகத்தில் அவள் பேத்திக்குத் தேவைப்படலாம். இன்று நிக்காஹ் முடிக்கிறவர்கள், விருந்துக் கணக்கு தீர்த்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வந்தால் நல்லது. அந்தப் பேப்பர் மாப்பிள்ளைக்குப் பெரிதாக உதவாமல் போகலாம். பெண்ணுக்கு உதவும்.